அறுபத்திரண்டு வீட்டு ஈரம்

எங்கள் ஆய்வு மாணவர் அறையில் ஆறு மேசைகள் இருந்தன. ஐந்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முப்பது தாண்டவில்லை. ஆறாவது, கதவைத் திறக்கும்போதெல்லாம் இடிபடுகிற மேசை. அதுதான் அக்காவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது வயது முப்பத்தொன்பது. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எந்த வார்டிலிருந்து எத்தனை விரிப்பு வந்தது, எத்தனை திரும்பிப் போனது, எத்தனை கிழிந்து கழிந்தது என்று எழுதுவதுதான் வேலை. அதைப் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இளங்கலையும் முதுகலையும் முடித்தார். உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. இருந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அவருடைய அம்மா சொந்தக்காரர்களிடம் புலம்பித் தீர்த்ததாக அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

காலையில் வரும்போதே அவர் களைத்துத்தான் வருவார். பையை மேசையில் வைத்து, செருப்பைக் கழற்றி, காலை நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அப்போது யாரும் அவரிடம் பேச மாட்டோம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்தி இறக்குறாரு, பொண்டாட்டிக்கு மட்டும் படிதான்" என்பார் அக்கா. சொன்னது சரிதான். அவர் குடியிருந்த வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆய்வுக்காகப் போன கட்டடங்களிலும் கிடையாது. எங்கள் துறையில் ஒன்று இருந்தது, ஓடியதை நான் பார்த்ததில்லை.

அவருடைய ஆய்வு ஈரத் துணியைப் பற்றியது. முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் எல்லாம் வறுமையைப் பற்றிக் கனமான தலைப்புகளோடு உட்கார்ந்திருந்தோம். நான் பேருந்துத் தடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் ஒரு கொக்கி வைத்த கைத்தராசையும், காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற உள்ளங்கையளவு கருவியையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அறையில் அவருக்கு "ஈரத்துணி அக்கா" என்று பேர் விழுந்துவிட்டது. அதற்கும் அவர் கோபப்படவில்லை.

விஷயம் இதுதான். நகரத்தின் பெரிய சாலையைப் பார்த்தபடி ஆறு கட்டடங்கள், ஒவ்வொன்றும் நான்கு மாடி. வருமானம் குறைந்தவர்களுக்காக அரசின் குடியிருப்புத் துறை கட்டி வாடகைக்கு விட்டவை. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. வாடகை ஒப்பந்தத்தில் பதினோராவது விதி என்று ஒன்று இருந்தது. வெளிச்சுவர், சன்னல், நடைவழி, மொட்டைமாடி எதிலும் துணி உலர்த்தக் கூடாது. சாலையில் போகிறவர்களின் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் என்பதற்காக என்றோ யாரோ போட்ட விதி. மூன்று முறை மீறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். ஆகவே ஐந்து பேர் படுத்து எழுந்திருக்கிற அதே அறையில்தான் ஐந்து பேரின் துணியும் கொடியில் தொங்கும். இருந்த ஒரே சன்னல் சாலைப் பக்கம். திறந்தால் வண்டிப் புகையில் துணி காய்வதற்குள் கறுத்துவிடும்.

பிழிந்த துணியை அக்கா தராசில் மாட்டி எடை பார்ப்பார். மறுநாள் போய்க் காய்ந்த துணியை எடை பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது? அந்த அறையின் காற்றுக்குள், சுவருக்குள், தூங்குகிற பிள்ளைகளின் நெஞ்சுக்குள். ஒரு வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலரை லிட்டர் தண்ணீர் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு இருமல், எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பதையும் எழுதிக்கொண்டார். சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த அறுபத்திரண்டு வீடுகளுக்குப் பத்து மாதம் ஏறி இறங்கினார். முதலில் சிரித்தவர்கள் பிறகு அவர் தலையைப் பார்த்ததும் வாளியைத் தாங்களாகவே எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நெறியாளரிடமும் சொல்லவில்லை. பட்டியலில் இருபத்தேழாவது வீடு அவருடைய அம்மாவின் வீடு.

சீட்டில் அந்த எண் விழுந்தபோது எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். ஆனால் அந்த ஆறு கட்டடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார அவருக்கு இருந்த ஒரே இடம் அது. மற்ற வீடுகளில் ஒரு டம்ளர் தண்ணீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். இங்கே அம்மா சாப்பாடு போடுவார். சாப்பிட்டுவிட்டு எடையும் பார்த்து எழுதிவிட்டு வருவது எளிதாக இருந்தது. எடையை அவர் ஒருநாளும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. அதனால் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. ஆய்வு மாணவர்கள் கண்டுபிடித்ததை அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது, அதிகாரிகளிடமும் பொதுமக்களிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கு மூன்று நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பளிச்சென்று பேசினார். பத்து நிமிடம், மூன்று ஸ்லைடு, அதில் ஒன்று கட்டாயம் புகைப்படமாக இருக்க வேண்டும். எண்ணை எல்லாரும் மறந்துவிடுவார்கள், படம் மனதில் நிற்கும். ஒரு பெரிய அதிகாரி உங்களோடு லிஃப்டில் இரண்டு மாடி வருகிறார், அதற்குள் உங்கள் ஆய்வைச் சொல்லி முடிக்க வேண்டும், எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். "மொதல்ல லிஃப்ட் ஓடட்டும் சார்" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, கொட்டாவி விட்டார்.

படம்தான் பிரச்சினையானது. அறுபத்தொரு வீட்டிலும் கேட்டுப் பார்த்தார். யாரும் சம்மதிக்கவில்லை. எடை போட்டுக்கொள், எழுதிக்கொள், படம் மட்டும் வேண்டாம் என்றார்கள். குடியிருப்புத் துறையின் கண்ணில் படுவதில் அவர்களுக்கு அவ்வளவு பயம். அம்மாவிடம் கேட்டபோது அவர் அடுப்படியிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் எடுத்துக்கொள் என்றாராம். மகள் பரீட்சைக்கு ஏதோ ஒட்டிக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அக்காவும் அதைத் திருத்தவில்லை.

படம் நன்றாக வந்திருந்தது. குறுக்கே கட்டிய கொடியில் போர்வையும் பள்ளிச் சீருடையும் தொங்கின. சீருடை பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது, அந்த வீட்டில் இடமில்லாததால் இங்கே காயப்போட்டிருந்தார்கள். பின்னால் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்பாகப் பூஞ்சை. அதை ஒட்டி ஒரு இரும்புக் கட்டில், அதன் ஒரு காலுக்குக் கீழே இரண்டு செங்கல். ஆள் யாரும் படத்தில் இல்லை.

அதிகாரிகளைப் பார்க்கும் கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போனது. மூன்றாவது தேதியில் நானும் கூடப் போனேன், என் பேருந்துத் தடங்களுக்கும் அன்றைக்குத்தான் முறை. நீளமான மேசை, ஏழு நாற்காலி, நான்கில்தான் ஆள். நடுவில் குடியிருப்புத் துறையின் துணை இயக்குநர். கெட்ட மனிதரில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மன்னிக்க வேண்டும், மூன்று மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஆறு நிமிடத்தில் முடிக்க முடியுமா என்று கேட்டார். அக்கா முடித்தார். எடை, லிட்டர், இருமல், படம். சலவைப் பிரிவில் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த எதுவும் அதில் இல்லை. ஆனால் படம் திரையில் வந்தபோது நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சன்னலத் திறந்து வெச்சா போதாதா?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"ஒரே சன்னல் சார், ரோட்டப் பாத்து இருக்கு. திறந்தா வெள்ளச் சட்ட காயறதுக்குள்ள சாம்பலாயிடும். மறுபடி துவைக்கணும். மறுபடி நாலரை லிட்டர்."

அவர் குறித்துக்கொண்டார். மேசையின் ஓரத்தில் இருந்த ஒருவர் உலர்த்தும் இயந்திரம் வைத்துக்கொள்ளச் சொல்லலாமே என்றார். எங்கே வைப்பது என்று அக்கா கேட்டார். எழுந்து போகும்போது துணை இயக்குநர், படம் நல்ல படம், அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். பதினான்கு மாத வேலை ஆறு நிமிடத்தில் தீர்ந்திருந்தது. கால் வீங்கிவிட்டது என்று மட்டும் அக்கா சொன்னார்.

அடுத்தது பொதுமக்கள் கூட்டம், நகர நூலகத்தின் மாடிக் கூடத்தில். பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவு சுவரொட்டி அச்சடித்தது. எந்தப் படத்தைப் போடுவது என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று ஸ்லைடில் ஒன்றுதான் படம், அதை எடுத்துப் பெரிதாகப் போட்டு, கீழே "இப்படியும் ஒரு வீடா?" என்று எழுதிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களும் வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்த ஆறு கட்டடங்களின் மாடிப்படி அடியிலும், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்று ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்ததாம். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொடியில் ஒரு துணி இல்லை. எல்லாவற்றையும் ஈரத்தோடு மடித்து வாளியில் அமுக்கி வைத்திருந்தார். நடந்ததை அக்கா என்னிடம் மறுநாள் சொன்னபோது, அம்மா பேசியதை மட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார்.

"கீழ்வீட்டு தையல்காரி வந்து கேக்குறா, உன் வீட்ட ஏன் படம் போட்டிருக்காங்கன்னு. எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல."

"பேர் எங்கயும் போடலம்மா."

"பேர் எதுக்குடி? கட்டிலப் பாத்தாலே போதுமே."

அக்கா மன்னிப்புக் கேட்டார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அக்காவின் அப்பா பெயின்டர். உயிரோடு இருந்தவரை வருடா வருடம் அந்தச் சுவரைச் சுரண்டித் தன் கையால் வெள்ளையடித்தவர். "அவர் இருந்தவரைக்கும் ஒரு பொட்டு கறுப்பு வரவிட்டதில்ல. அந்தச் சுவரப் போய் இப்படியும் ஒரு வீடான்னு கேட்டிருக்கீங்க" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அக்கா கீழே போய்ச் சுவரொட்டியைக் கிழித்தார். மற்ற ஐந்து கட்டடங்களுக்கும் போய்க் கிழித்தார். ஒட்டியவர்கள் நல்ல பசை போட்டிருந்தார்கள். நகம் பெயர்ந்துபோய் மறுநாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

நூலகக் கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். அழைப்பு போய்விட்டது, நெறியாளர் வருகிறார், இனி நிறுத்த முடியாது என்றார். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது பதினெட்டுப் பேர். அதில் நாங்கள் ஐந்து பேர். முதல் வரிசையில் நெறியாளர், அவருக்குப் பக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர். கடைசி வரிசையில் கதவோரமாக, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவர்தான் கீழ்வீட்டுத் தையல்காரி என்று அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அக்கா படத்தைக் காட்டாமலே பேசி முடித்தார். கேள்வி உண்டா என்று கேட்டதும் தையல்காரி எழுந்தார். சண்டை போடுகிற குரலில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"ஈரம் எல்லார் வீட்லயும் இருக்கு. எங்க வீட்லயும் இருக்கு. படம் மட்டும் ஏன் அவங்க வீட்டோடது?"

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். கேட்டவரையும் என்னையும் தவிர அங்கே யாருக்கும் விவரம் தெரியாது.

"மத்த வீட்ல எல்லாம் வேண்டாம்னு சொன்னாங்க. அது எங்கம்மா வீடு. எங்கம்மா வேண்டாம்னு சொல்லல. எதுக்குன்னு நானும் சரியா சொல்லல."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சொந்த வீட்டை ஆய்வில் சேர்த்தால் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் அக்காவை நெறியாளர் தன் அறைக்குள் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்தவர் மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். இருபத்தேழாவது வரிசையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும், தவறை ஒப்புக்கொண்டு ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும், ஆறு மாதம் தாமதமாகும். உதவித்தொகை நான்கு மாதத்தில் முடிகிறது. இதை எல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவேடு வாசிக்கிற அதே குரலில் சொன்னார். சராசரி எவ்வளவு மாறும் என்று நான் கேட்டேன். போட்டுப் பார்த்தார். நாலரை லிட்டர் நாலரை லிட்டராகவே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக அவர் கண் கலங்கியது.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது, ஆய்வாளரின் சொந்தத் தாயாரின் வீட்டிலேயே இந்த நிலை என்று. அடுத்த வாரம் குடியிருப்புத் துறையின் மேற்பார்வையாளர் அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். சுவரை அளந்தார். முறையாகப் பராமரிக்காமல் அரசுச் சுவரைச் சேதப்படுத்தியதற்காக நோட்டீஸ், முப்பது நாளில் சொந்தச் செலவில் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மருமகனுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னார். மகளிடம் பேசுவதை அவர் நிறுத்தி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

துணை இயக்குநரைப் பார்க்க அக்கா நான்கு நாள் போய்க் காத்திருந்தார். நான்காவது நாள் அவரே வெளியே வந்து உள்ளே கூப்பிட்டாராம். நோட்டீஸ் தன் மேசையிலிருந்து போகவில்லை, கீழே யாரோ முந்திக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், திரும்பப் பெறுவதும் கஷ்டம், அதைப் போட்டவர் மேலிடத்துக்கு வேண்டியவர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். அந்தப் படம் வேறு ஊரில் எடுத்தது, விளக்கத்துக்காக மட்டும் காட்டியது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் நோட்டீஸ் தானாக விழுந்துவிடும். அம்மாவுக்குத் தொல்லை இருக்காது. அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே அக்கா முடிவு செய்துவிட்டார். எனக்குப் பதறியது. அந்த ஒரு வரியை எழுதினால் ஆய்வு மொத்தத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். "இருக்கட்டும் தம்பி. என் படிப்புக்காக எங்கம்மா தெருவுக்கு வரணுமா?" என்றார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். முதல் தடவை சொல்லாமல் செய்ததால் வந்த வினைதானே இதெல்லாம்.

அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாராம். இந்தத் தடவை அக்கா எதையும் விடாமல், கடிதத்தில் என்ன எழுதுவது, அதனால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"இருபத்தாறு வருஷமா இந்தச் சுவத்துப் பக்கத்துல படுத்து எழுந்திருச்சிருக்கேன். உங்கப்பா இருமி இருமி இங்கதான் போனாரு. அது வேற ஊர்ச் சுவருன்னு எழுதித் தரப் போறியா?"

"நோட்டீஸ் போயிடும்மா."

"போகட்டும், இருக்கட்டும். எழுதாத."

அவ்வளவுதான். கோபம் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. அன்று சாப்பாடு போட்டார், பேசவில்லை. அக்கா சாப்பிட்டுவிட்டு, எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழிக்காமல் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். கிழிக்க இன்னும் மனம் வரவில்லை என்றார்.

அடுத்து நடந்ததில் அக்காவுக்குப் பங்கில்லை. தையல்காரி செய்தது. ஒரு வெள்ளைத் தாளில், எங்கள் வீட்டுச் சுவரும் அப்படித்தான் இருக்கிறது, நேரில் வந்து பாருங்கள் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துக் கேட்டு ஆறு கட்டடத்திலும் ஏறி இறங்கினார். அறுபத்திரண்டு வீட்டுக்கு மேல் தட்டியிருப்பார். கையெழுத்துப் போட்டது ஒன்பது வீடு. மற்றவர்கள் கதவைத் திறந்து, தாளைப் படித்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டை இழக்கிற பயம் யாருக்குத்தான் இருக்காது.

அந்தத் தாளைக் குடியிருப்புத் துறையில் கொண்டுபோய்க் கொடுத்தார், ஒன்பது போதுமானதாக இருந்தது. ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் விட்டவர்கள் பத்து வீட்டுக்கு விட்டால் சுவர் யார் கட்டியது என்ற கேள்வி வரும். அதனால் யாரும் நோட்டீஸைத் திரும்பப் பெறவுமில்லை, முப்பதாவது நாள் வந்து கதவைத் தட்டவுமில்லை. கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. ஒவ்வொரு மாதமும் வாடகை ரசீது வரும்வரை அம்மாவுக்குத் தூக்கம் சரியாக வராது என்று அக்கா சொல்வார்.

உதவித்தொகை முடிந்தபின் அக்கா ஆறு மாதம் ஒரு தனியார் சலவை நிலையத்தில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதினார். பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்த இடத்துக்கே திரும்பிப் போன மாதிரி என்று ஒருநாள் சொன்னார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அறுபத்தொரு வீடுகளோடு ஆய்வேட்டை ஒப்படைத்தார். வாய்மொழித் தேர்வில், தவறை ஒப்புக்கொண்டு எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் பாதி நேரம் கேட்டார்கள். பட்டம் கிடைத்தது. அம்மா விழாவுக்கு வந்தார், கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தார், புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றுவிட்டார்.

பதினோராவது விதியைக் கடைசியில் மாற்றினார்கள். கூட்டம் நடந்து ஒன்றே கால் வருடம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மொட்டைமாடியில் காலை பத்து முதல் மாலை நாலு வரை துணி உலர்த்தலாம். இரண்டு மாடிகளுக்குச் சேர்த்து வாரத்தில் இரண்டு நாள். சாவியைக் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். யாருடைய ஆய்வு, யாருடைய கையெழுத்து என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பல்கலைக்கழகம் மட்டும் தன் ஆண்டறிக்கையில், மாணவர் ஆய்வால் விளைந்த கொள்கை மாற்றம் என்று அரைப் பக்கம் போட்டுக்கொண்டது. படத்துக்கு இடம் விட்டு, படம் போடாமல் விட்டிருந்தார்கள். அந்த மட்டில் நல்லது.

போன மாதம் அக்காவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை, ஒப்பந்த அடிப்படையில். கையில் விடைத்தாள் கட்டு. முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

அம்மா முதல் மாடி. மொட்டைமாடிக்கு ஈர வாளியோடு மூன்று மாடி ஏற வேண்டும், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் முறை, அந்த இரண்டு நாளும் அக்காவுக்குக் கல்லூரி. அக்காவின் கணவருக்கு ஷிப்ட் ஒத்துவந்தால் அவர் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார், இல்லாவிட்டால் தையல்காரியின் மகள் போர்வையை மட்டும் கொண்டுபோகிறாள். மற்றது பழையபடி அறைக்குள்தான். மேல்மாடிக்காரர்களுக்குத்தான் நிஜமான லாபம் என்றார் அக்கா. அதைச் சொன்னபோது குரலில் வருத்தமில்லை. மேல்மாடியில் இருமல் குறைந்திருக்குமா என்று யாராவது போய் அளந்து பார்க்க வேண்டும், குடியிருப்புத் துறையே இப்போது கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறது என்றார்.

"நீங்க போறீங்களா?"

"இல்ல. அங்க சொந்தம் யாரும் இல்லாத ஒரு பிள்ளையா பாத்து அனுப்பச் சொல்லிட்டேன். எப்படி எடை போடணும்னு எழுதிக் குடுத்துட்டேன், நாலு பக்கம். படம் கேட்டா என்ன சொல்லணும்னு ஒரு பக்கம்."

அம்மா அந்த விஷயத்தைப் பற்றி இப்போது பேசுகிறாரா என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. விடைத்தாள் கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார். உட்கார இடம் கிடைத்த மாதிரித் தெரியவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றபடி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வண்டி கிளம்பிவிட்டது.